பொருள் எண் ஆறு

மலையில் விற்கிற பாட்டிலுக்குப்
பத்து ரூபாய் கூட.
காலியைக் கொடுத்தால் பத்தும் திரும்பும்.
குடித்தவன் கொடுப்பதில்லை.
மிளகுக்கொடிக்கு அடியில், பாலத்து மதகில்,
காப்பித் தோட்டத்து நீர்த்தொட்டியில்
எறிந்துவிட்டுப் போவான்.
நான் பொறுக்குகிறேன்.
ஞாயிறு இருட்டுவதற்குள் ஒரு சாக்கு.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
பிறகு யாரும் சொல்லிக்காட்ட வேண்டாம்.

ஊத்துப்பாறை ஊராட்சியில்
அக்டோபர் இரண்டாம் தேதி சபை.
சபை கூடுகிற நாளெல்லாம்
கடை மூடுகிற நாள்.
அன்று ஊர் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்கும்.
வருகிற அதிகாரிக்கு
நாங்கள் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே புரியாது.

வந்தவருக்குப் பற்றாளர் என்று பதவிப்பெயர்.
எதன்மேல் பற்று என்று
உத்தரவில் போட்டிருக்கவில்லை.
வத்தலக்குண்டிலிருந்து
வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாராம்.
பாவமாகத்தான் இருந்தது.
எலுமிச்சம்பழம் கொடுத்தது நான்.

ஜெபமாலை எழுந்து வாசித்தாள்:
சனிக்கிழமை எஸ்டேட்டில் சம்பளம்.
ஞாயிற்றுக்கிழமை சந்தை.
சந்தைக்குப் போகிற வழியில் கடை.
கடையை எடுக்கச் சொல்லவில்லை சார்,
ஏழு நாளில் ஒரு நாள்.
ஞாயிறு மூடலாமா வேண்டாமா,
ஊரைக் கேளுங்கள்.

அவர் தாளைப் புரட்டினார்.
இது பொருளில் இல்லை.
சேர்த்துக்கொள்ளுங்க.
பொருள் ஏழு நாள் முன்பே ஒட்டியாகிவிட்டது.
மனு ஒன்பது நாள் முன்பே கொடுத்தோமே.
மனு வந்தது. பொருளாகவில்லை.
மேலும் இது அரசின் கொள்கை,
கொள்கைக்கெல்லாம் கை தூக்க முடியாது அம்மா.

"முடியாதா?"
பின்வரிசையில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்த
நாகரத்தினம்
உரித்த கையை அப்படியே தூக்கினாள்.
அவள் புருஷனும் தூக்கினான்,
அதற்கு ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது.
கடைக்குக் கட்டடம் வாடகைக்கு விட்ட வீரணன்
கையைக் கட்டிக்கொண்டார்.
அவர் மருமகள் தூக்கினாள், அவர் பக்கம் திரும்பாமல்.
நான் தூக்கினேன்,
சாக்கு இழுத்துக் காய்த்த வலது கை.

எண்ணுங்க சார் என்றாள் ஜெபமாலை.
அவர் எண்ணவில்லை.
இறக்குங்கள் என்றும் சொல்லவில்லை.
செயலர் சுருளிவேலைப் பார்த்தார்.
சுருளிவேல் போனை எடுத்தார்.
தேதியும் இடமும் விழுகிற மாதிரி
ஒரு போட்டோ மேலே அனுப்பணுமாம்.
இன்னும் கொஞ்சம் உயர்த்துங்க, என்றார்.
உயர்த்தினோம்.
நம்பித்தான்.

நாலு நாள் கழித்து
ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்தது:
பொருள் எண் ஆறு.
கீழத்தெருவில் மின்கம்பம் மூன்று மாற்றுதல்.
ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது.
கீழே நாங்கள்.
நின்று எண்ணினேன், அறுபத்து மூன்று.
ஓரத்தில் ஒன்று வளையலோடு பாதியில் வெட்டுப்பட்டிருந்தது,
அது என்னுடையது, அறுபத்து நான்கு என்று வைத்துக்கொள்ளலாம்.
கம்பம் வேண்டாம் என்று
எங்களில் யார் சொல்வோம்?
கீழத்தெருவில் காட்டுமாடு நிற்பதே தெரிவதில்லை.
ஜெபமாலை மட்டும்
சட்டப்படி என்ன செய்யலாம் என்று
கொடைக்கானலில் யாரையோ பார்க்கப் போனாள்.
மழை, பஸ் வரவில்லை, திரும்பி வந்தாள்.
மறுபடி போவாள்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்குக் கடை திறந்தது.
திங்கட்கிழமை சாக்கோடு போனேன்.
கம்பிவலைக்குப் பின்னாலிருந்து சேல்ஸ்மேன் கேட்டான்:
நீயும் கை தூக்கினியாமே?
தூக்கினேன்.
மூடிட்டா நீ என்ன பண்ணுவ?
பதில் இருப்பதாக நினைத்துத்தான்
வாயைத் திறந்தேன்.
பனிதான் உள்ளே போனது.

ஒவ்வொன்றாக எடுத்து
ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்து எண்ணினான்.
நாற்பத்தொன்று.
நாற்பத்திரண்டு, என்றேன்.
அவன் கோபப்படவில்லை.
எல்லாவற்றையும் திரும்ப இந்தப் பக்கம் தள்ளி
முதலிலிருந்து எண்ணினான்.
நாற்பத்திரண்டுதான்.